விரலுக்குத் தெரிந்த பயம்

புதிதாக ஒரு செயலியைப் பதிவிறக்கியதும் நான் முதலில் பார்ப்பது அதன் அடிப்பகுதியைத்தான். அங்கே நான்கோ ஐந்தோ சின்னங்கள் வரிசையாக இருக்கும். முகப்பு, தேடல், ஆர்டர்கள், கணக்கு என்று ஏதாவது. அதைச் செய்தவர்கள் தங்களுக்குள் எவ்வளவு தெளிவாகப் பேசி முடிவெடுத்தார்கள் என்பது அந்த வரிசையிலேயே தெரிந்துவிடும். விளம்பரத்தில் ஆயிரம் சொல்லலாம். டேப் பார் எனப்படும் அந்த அடிவரிசையில் ஐந்துதான் சொல்ல முடியும்.

இடம் அவ்வளவுதான். 2007-இல் வந்த முதல் ஐபோனின் திரை 320-க்கு 480 பிக்சல். மறு ஆண்டு வெளியாட்களும் செயலி எழுதலாம் என்று ஆனபோது ஆப்பிள் வகுத்துக் கொடுத்த அளவு இது: உச்சியில் மணியும் பேட்டரியும் காட்டும் பட்டைக்கு 20, அதன் கீழே நேவிகேஷன் பாருக்கு 44, அடியில் டேப் பாருக்கு 49. கூட்டினால் 113. உள்ளங்கையளவுத் திரையில் ஏறக்குறையக் கால் பங்கு. படிக்க வந்த செய்திக்கும் பார்க்க வந்த படத்துக்கும் மீதிதான். திரையின் ஒவ்வொரு புள்ளிக்கும் அடித்துக்கொண்ட காலத்தில், ‘இப்போது எங்கே இருக்கிறாய், இங்கிருந்து எங்கே போகலாம்’ என்று சொல்வதற்கு இவ்வளவு இடத்தை ஒதுக்கினார்கள் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

நேவிகேஷன் பாருக்கும் டேப் பாருக்கும் வேலை வேறு. கீழே இருப்பது அகலத்தைக் காட்டுகிறது, மேலே இருப்பது ஆழத்தை. ஐபோனின் கடிகாரச் செயலியைத் திறந்து பாருங்கள். உலகக் கடிகாரம், அலாரம், ஸ்டாப்வாட்ச், டைமர். நான்கும் ஒன்றுக்கொன்று உடன்பிறப்பு. எதுவும் எதற்கும் கீழே வராது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ எதையும் முடித்துவிட்டுப் போக வேண்டியதும் இல்லை. டேப் பாரில் உட்கார ஒரு பகுதிக்குத் தகுதி இருக்கிறதா என்று சோதிக்க எனக்குத் தெரிந்த நல்ல உரைகல் இந்தச் செயலிதான்.

ஆழத்தின் கணக்கு வேறு. ஒரு பட்டியலில் ஒன்றைத் தொட்டால் வலப்பக்கமிருந்து புதிய திரை வந்து பழையதன் மேல் உட்காரும். அதில் ஒன்றைத் தொட்டால் அதன்மேல் இன்னொன்று. சலவைக் கடையில் தேய்த்து மடித்து அடுக்கிய துணிபோலத்தான். மேலே இருப்பதை எடுத்தால்தான் அடுத்தது கைக்கு வரும். இடது மூலை அம்புக்குறி செய்வதெல்லாம் மேலிருக்கும் ஒன்றை எடுத்துப்போடுவதுதான். ஒவ்வொரு டேப்புக்கும் இப்படித் தனித்தனி அடுக்கு வைக்க வேண்டும் என்பது ஐபோன் செயலி எழுதுகிறவர்கள் முதல் வாரத்திலேயே படிக்கும் பாடம். பாட்டுச் செயலியில் ஒரு பாடகரின் ஆல்பத்துக்குள் மூன்று படி இறங்கியிருக்கிறீர்கள். நடுவில் வேறொன்று நினைவுக்கு வந்து தேடல் டேப்புக்குப் போகிறீர்கள். திரும்பி வந்தால் அதே ஆல்பம், அதே வரி, விட்ட இடத்திலேயே. அடியிலிருந்து மறுபடி தொடங்க வேண்டுமென்றால் நிற்கிற டேப்பையே இன்னொரு முறை தொட்டால் போதும், அடுக்கு மொத்தமும் கலைந்து முதல் திரை தெரியும். பலருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களுக்கு இது இல்லாத செயலியில் கை துடிக்கும்.

கேட்கச் சுலபம். அலுவலகக் கூட்டத்தில் உட்கார்ந்தால்தான் சங்கடம் தெரியும். “எங்க லோன் செக்‌ஷனுக்கு ஒரு டேப் வேணும் சார், ஹோம்ல ஒரு கார்டா போட்டா யார் பார்ப்பா?” என்று ஒருவர் ஆரம்பிப்பார். உடனே இன்ஷூரன்ஸ்காரர் நிமிர்ந்து உட்காருவார். ஐபோனில் ஐந்துக்கு மேல் டேப் வைத்தால் முதல் நான்கைக் காட்டிவிட்டு மற்றதையெல்லாம் ‘மேலும்’ என்ற ஐந்தாவதற்குள் அதுவாகவே தள்ளிவிடும். ‘மேலும்’ என்பது பெரும்பாலும் கூட்டத்தில் யாரும் மறுத்துப் பேசத் துணியாத விஷயங்களின் கிடங்கு. மெல்வின் கான்வே 1968-இல் ஒரு கட்டுரையில் சொன்னது நினைவுக்கு வரும்: ஒரு நிறுவனம் வடிவமைக்கும் எதுவும் அந்த நிறுவனத்துக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் சாயலிலேயே அமையும். வங்கிச் செயலிகளின் டேப் பாரைப் பார்த்துவிட்டு அவற்றின் மாடிவாரியான அறைக் கணக்கை ஊகித்துவிடலாம் என்று நாங்கள் கேலி பேசுவதுண்டு.

கொஞ்சம் பெரிய கேலிக்கூத்து இன்ஸ்டாகிராமில் நடந்தது. படம் போடுவதற்கான கூட்டல் பொத்தான் அதில் வெகுகாலம் டேப் பாரின் நடுவில் இருந்தது. 2020 நவம்பரில் அதைத் தூக்கி மேலே வலது மூலையில் வைத்தார்கள். நடுவில் ரீல்ஸ் வந்தது. நமக்கு யார் விருப்பம் போட்டார்கள் என்று காட்டும் இதயச் சின்னமும் மேலே போய், அது இருந்த இடத்துக்குக் கடை வந்தது. கண் பார்க்குமுன்னே விரல் போய்விடும் இடங்கள் அவை. இதயத்தைத் தேடிப் போன விரலெல்லாம் கைப்பை விற்கும் பக்கத்தில் போய் இறங்கியது. பயனர்கள் திட்டித் தீர்த்தார்கள். 2023 பிப்ரவரியில் கடை டேப்பை எடுத்துவிட்டுக் கூட்டல் பொத்தானை மறுபடி நடுவில் வைத்தார்கள்.

அந்தக் கூட்டல் பொத்தானே விதிமீறல்தான் என்பது இதில் ஒரு வேடிக்கை. டேப் பார் இடம் மாறுவதற்கு, அதில் செயல்களை வைக்காதீர்கள் என்பது ஆப்பிளின் வடிவமைப்பு வழிகாட்டியில் உள்ள விதி. முதல் தடவை படித்தபோது இது நிறம், எழுத்தளவு மாதிரி ஏதோ அழகு சார்ந்த விதி என்றுதான் தோன்றியது. அது அப்படிப்பட்டதில்லை என்று இப்போது நினைக்கிறேன். இடம் மாறுவது ஒன்று, செயல் இன்னொன்று. இரண்டையும் பிரித்து வைப்பதில்தான் இந்த இரண்டு பட்டைகளின் மொத்த நியாயமும் இருக்கிறது.

ஐபோனில் திரைகள் வரும் திசையைக் கவனியுங்கள். ஒரு பட்டியலிலிருந்து விவரத்துக்குள் போனால் புதிய திரை பக்கவாட்டில் வரும். 2013-இல் ஐஓஎஸ் 7 வந்த பிறகு இடது ஓரத்திலிருந்து விரலால் தள்ளினாலே திரும்பிவிடலாம்; பாதி தள்ளி, அடியில் இருப்பதை எட்டிப் பார்த்துவிட்டு, மனம் மாறி விட்டுவிட்டாலும் சரி. ஆனால் புதிதாக ஒரு மின்னஞ்சல் எழுதப் போனால் திரை கீழிருந்து எழும். டேப் பார் இருந்தால் அதுவும் மறையும். திரும்பும் அம்புக்குறி இருக்காது. அதன் இடத்தில் ரத்து செய்யும் பொத்தான், எதிர்ப்பக்கம் அனுப்பும் பொத்தான். பக்கவாட்டில் போகும்வரை நீங்கள் பார்க்கிறீர்கள். கீழிருந்து எழுந்தால் எதையோ செய்யப்போகிறீர்கள். முடி அல்லது விடு. ஒரு சொல்கூட எழுதாமல் இதைச் சொல்லிவிடுகிறார்கள். இதைக் குழப்பி, பணம் அனுப்பும் படிவத்தைப் பக்கவாட்டில் தள்ளிவிட்டு, இடது மூலையில் அம்புக்குறியும் வைத்திருக்கும் செயலிகளைப் பார்த்தால் எனக்குக் கோபமே வரும்.

ஏனென்றால் அந்த அம்புக்குறி தரக்கூடியது ஒன்றே ஒன்று. முன்பு நின்ற இடத்தைத் திருப்பித் தரும். செய்ததைத் திருப்பித் தராது. வாட்ஸாப்பில் கோபமாக ஒன்றை அனுப்பிவிட்டுப் பின்னால் வந்தால் பழைய பட்டியல் அப்படியே இருக்கும். நீங்கள் அனுப்பிய வரியும் அதன் தலையிலேயே டிக்கோடு நிற்கும்.

இந்த வேறுபாட்டை இந்தியாவில் இணையத்தில் பணம் கட்டியவர்கள் எல்லாரும் உடம்பால் அறிவார்கள். கார்டு விவரம் கொடுத்து ஓடிபி போட்ட பிறகு ஒரு வெள்ளைத் திரை. நடுவில் ஒரு வளையம் சுற்றும். கீழே, ‘பேக் பட்டனை அழுத்தாதீர்கள், பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள்’. அந்த நேரத்தில் வீட்டில் யாராவது கூப்பிட்டால்கூடப் பதில் வராது. பணம் இங்கிருந்து கிளம்பிவிட்டது, அங்கே போய்ச் சேரவில்லை. அந்த இடைவெளியில் திரும்பும் வழி என்பதே கிடையாது. அம்புக்குறி மட்டும் ஃபோனில் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆகவே ஓர் எச்சரிக்கைப் பலகை வைத்து நம் விரலைக் கெஞ்சுகிறார்கள். 2016-இல் யூபிஐ வந்த பின் நல்ல செயலிகள் இதைச் சரியாகச் செய்தன. பின் எண் கொடுத்து, பச்சை டிக் வந்துவிட்டால், அடியிலிருந்த தொகை கேட்கும் திரையும் பின் கேட்கும் திரையும் அடுக்கிலிருந்து நீக்கப்பட்டிருக்கும். பின்னால் போனால் நேரே முதல் திரைதான். முடிந்த காரியத்துக்கு முந்தைய கணத்தை வைத்துக்கொண்டிருப்பது பொய் என்று யாரோ ஒரு நிரலாளர் உணர்ந்திருக்கிறார்.

இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. இரயில் டிக்கெட் உறுதியானதாக அறிவிப்பு வருகிறது; தொடுகிறீர்கள்; செயலி திறந்து நேராக அந்த டிக்கெட்டின் பக்கம். நீங்கள் பட்டியல் வழியாக நடந்து வரவில்லை. பின்னால் போனால் என்ன தெரிய வேண்டும்? சோம்பேறிச் செயலி மூடிக்கொள்ளும். கவனமாக எழுதியதில் ‘என் பயணங்கள்’ பட்டியல் தெரியும், அதற்கும் பின்னால் முகப்பு. நீங்கள் நடக்காத வழியை உங்களுக்குப் பின்னால் முன்கூட்டியே போட்டு வைத்திருக்கிறார்கள். இந்த வேலையை யாரும் பாராட்டுவதில்லை. நடந்திருப்பதே யாருக்கும் தெரியாது.

இவ்வளவு பாடும் யாருக்காக என்று கேட்டால், நான் பதின்வயதுப் பையன்களைச் சொல்ல மாட்டேன். அவர்கள் எந்தக் காட்டிலும் வழி கண்டுபிடிப்பார்கள். அறுபதைத் தாண்டிய ஒருவர் கைக்குப் புதுச் செயலியைக் கொடுத்துப் பாருங்கள். கைபேசி இடது உள்ளங்கையில் கிடக்கும். வலது ஆள்காட்டி விரல் திரைக்கு அங்குல உயரத்தில் வந்து நின்றுவிடும். “இதை அமுக்கட்டுமா?” என்பார். “அமுக்குங்கப்பா, ஒண்ணும் ஆகாது” என்போம், கொஞ்சம் பொறுமையிழந்து. அவர் நம்ப மாட்டார். அவருக்கு வழி தெரியவில்லை என்று நாம் நினைக்கிறோம். பெரிய எழுத்து, பளிச்சென்ற சின்னம், கற்றுத்தரும் வீடியோ என்று ஏற்பாடு செய்கிறோம். அவர் பயப்படுவது வழி தவறிவிடுமோ என்றில்லை. தொட்டால் எதுவோ நடந்துவிடும், நடந்ததை மாற்ற முடியாது என்றுதான்.

அந்தப் பயத்துக்கு வரலாறு உண்டு. அவருடைய பெற்றோர் காலத்தில் நம் ஊர்களில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கடன் பத்திரத்திலும் கிரயப் பத்திரத்திலும் பெருவிரலை மையில் தோய்த்து வைத்தார்கள். தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் வைத்த ரேகையால் நிலம் போன குடும்பங்களின் கதை ஊருக்கு நாலாவது இருக்கும். சார்பதிவாளர் அலுவலகத்தில் படித்தவர்களும் ரேகை வைத்துத்தான் ஆக வேண்டும். விரல் ஒரு பரப்பில் பட்டால் அது ஒப்புதல், பட்டுவிட்டால் பட்டதுதான். இப்படிக் கற்று வந்த விரலை ஒரு கண்ணாடியின் முன்னால் நிறுத்தி, சும்மா தொடு என்கிறோம். பார்ப்பதற்கும் தொட வேண்டும், கொடுப்பதற்கும் தொட வேண்டும் என்ற ஒரு பரப்பை அது இதற்கு முன் சந்தித்ததே இல்லை. தயங்குவதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. மனிதர் ஒரு புது இடத்துக்குள் துணிந்து போவது அது எளிதாக இருப்பதால் இல்லை. போய்ப் பார்த்ததற்காக எதையும் இழக்க வேண்டியிராது என்று தெரிந்த பிறகுதான் போகிறார். ‘ஒண்ணும் ஆகாது’ என்று பிள்ளை சொல்வது போதாது. திரை சொல்ல வேண்டும், ஒவ்வொரு முறையும், தவறாமல்.

அதனால் இப்போதெல்லாம் ஒரு புதுச் செயலியின் வரைபடத்தைக் காகிதத்தில் போடும்போது, திரைகளை இணைக்கும் கோடுகளை இரண்டு நிறத்தில் போடச் சொல்கிறேன். பார்க்கிற கோடு நீலம், செய்கிற கோடு சிவப்பு. டேப் பாரிலிருந்து கிளம்பும் கோடுகள் எல்லாம் நீலமாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. குழுவில் உள்ள சின்னப் பிள்ளைகள் உடனே யூபிஐ செயலிகளைக் காட்டி மடக்குவார்கள்: அடிவரிசையின் நடுவில், மற்றதைவிடப் பெரிதாக, க்யூஆர் ஸ்கேன் பொத்தான் இருக்கிறதே சார், அது என்ன நிறம்? காய்கறி வண்டிக்காரர் முன்னால் ஒற்றைக் கையில் பையோடு நிற்கிறவருக்கு அது அங்கேதான் இருக்க வேண்டும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அதைத் தொட்டால் திறப்பது கேமராதான். கடைக்காரர் பெயர் வரும், தொகை கேட்கும், பின் கேட்கும். அதுவரை எந்த இடத்திலும் திரும்பிவிடலாம். நான் நீலம் என்கிறேன். எங்கள் குழுவில் பாதிப் பேர் ஒத்துக்கொள்ளவில்லை.