எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே

பிரெஞ்சு பீரங்கிப் படையில் ஒரு பழக்கம் இருந்தது. குண்டு சுட்டு முடிந்து, சூடு ஆறாத பீரங்கிக் குழாயை பீரும் ஒயினும் ஊற்றிக் கழுவி, கழுவிய அந்தக் கலவையைப் புதிதாகச் சேர்ந்தவனிடம் நீட்டுவார்கள். குடித்துவிட்டால் அவன் அன்றிலிருந்து அவர்களில் ஒருவன். வெடிமருந்துக் கரி மிதக்கும் அந்தக் குவளையை நினைத்தாலே எனக்குக் குமட்டுகிறது. ஆனால் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஒருகாலத்தில் அதைக் குடித்தவர்கள்தான்.

1990களில் 19 வயதுப் பையன் ஒருவன் தன் முறை வந்தபோது கால் லிட்டர் குடித்தான். 155 மில்லிமீட்டர் பீரங்கி. கால் மணி நேரத்தில் வாந்தி வருவதுபோல் இருந்தது. அடுத்து வலிப்பு. அதன்பின் ஒரு நாள் முழுக்க நினைவில்லை. மறுநாள் சிறுநீரும் நின்றுபோயிற்று. ரத்தத்தை இயந்திரம் வைத்துச் சுத்திகரிக்க வேண்டி வந்தது. ஒயின் குடித்தவனுக்கு ஏன் இதெல்லாம் வரவேண்டும் என்று தேடிய மருத்துவர்கள் அவன் ரத்தத்திலும் சிறுநீரிலும் இரைப்பையிலும் டங்ஸ்டனைக் கண்டுபிடித்தார்கள். சுரங்கத்தை எதிர்த்த அரிட்டாபட்டிப் போராட்டத்தால் நம் வீட்டுப் பெரியவர்கள் வாயில்கூடப் புழங்கத் தொடங்கிய அதே டங்ஸ்டன். 1996இல் லான்செட் மருத்துவ இதழ் இதை வெளியிட்டது. நல்லவேளை, பையன் பிழைத்துக்கொண்டான்.

இத்தனை காலம் குடித்தவர்களுக்கு வராதது இவனுக்கு மட்டும் ஏன் வந்தது? மருத்துவர்கள் தந்த விளக்கம் எளிமையானது. குழாயின் எஃகை இன்னும் கடினமாக்க அண்மையில்தான் டங்ஸ்டன் சேர்த்திருந்தார்கள். ஆயுதம் மாறிவிட்டது, சடங்கு அப்படியே இருந்தது. குழாயில் என்ன கலந்திருக்கிறது என்பது எங்கோ ஓர் ஆலையில் இருந்த பொறியாளருக்குத் தெரியும். குவளையை நீட்டியவனுக்குத் தெரியாது. அவனுக்குத் தெரிந்ததெல்லாம் தான் குடித்ததும், அடுத்த நாள் எழுந்து அணிவகுப்புக்குப் போனதும்தான்.

இந்தக் கதையைப் படித்ததிலிருந்து என்னை விடாத கேள்வி அந்தக் குவளையை நீட்டியவனைப் பற்றியது. அவனைக் கொடூரன் என்று எழுதிவிட்டால் கட்டுரை சுலபமாக முடிந்துவிடும். அவன் கொடூரன் இல்லை; அநேகமாகப் பிரியமாகத்தான் நீட்டியிருப்பான். ஆபத்து இல்லை என்பதற்கு அவன் கையில் இருந்த சாட்சி அவன் உடம்பே. "எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லையே." விடுதியில் சீனியர் சொல்வதும், பிரம்பால் அடித்து வளர்த்த அப்பா சொல்வதும் இதே வாக்கியம்தான். பொய்யும் கிடையாது, நிஜமாகவே அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆகிவிட்டவர்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்து பேச மாட்டார்கள். அவர்கள் ஆஸ்பத்திரியில் இருப்பார்கள், அல்லது ஊருக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள். மிஞ்சியவர்களை மட்டும் கூட்டி வைத்து வாக்கெடுத்தால் எந்த விளையாட்டும் பாதுகாப்பானதுதான்.

பட்டாளத்து விருந்துகளில் இந்த வகை விளையாட்டுக்குப் பஞ்சமே இல்லை. அமெரிக்கக் கடற்படை விமானிகள் மேசைகளை நீளமாக ஒட்டிப் போட்டு, பீரை ஊற்றி வழவழப்பாக்கி, ஓடிவந்து வயிற்றால் சறுக்குவார்கள். மேசைதான் விமானம்தாங்கிக் கப்பலின் தளம், சறுக்குகிறவர்தான் விமானம். முறுக்கிய துண்டைக் குறுக்கே பிடித்து இருவர் அவரை நிறுத்தியாக வேண்டும். தவறினால் மேசை முடிகிற இடத்தில் தரை. பிரிட்டிஷ் விமானப்படையில் உள்ளங்காலில் கரியைப் பூசிக்கொண்டு, ஆள்மேல் ஆளாக ஏறி, மெஸ்ஸின் கூரையில் காலடித் தடம் பதிப்பார்கள். இரண்டாம் உலகப் போரில் இரவு கூரையில் தடம் பதித்தவர்கள் காலையில் விமானம் ஏறித் திரும்பாமல் போனதும் உண்டு. அவர்களிடம் போய், தம்பி, கீழே விழுந்தால் கை ஒடிந்துவிடும் என்று எச்சரித்தால் யாருக்குக் காதில் ஏறும்? சாவோடு தினமும் வேலை செய்கிறவனுக்கு எலும்பு முறிவு ஒரு பொருட்டே இல்லை. இந்த ஆட்டங்கள் எங்கிருந்து பிறந்தன என்பது எனக்குப் புரியாமல் இல்லை. ஆனால் போர் முடிந்த பிறகும், போரையே பார்க்காத பையன்களும் அதே ஆட்டத்தை ஆடும்போது அந்த நியாயம் கூடவே வந்துவிடுமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம்.

எங்கள் பக்கம், வேலூர் மாவட்டத்தில், பட்டாளத்துக்கு ஆள் அனுப்பாத தெரு குறைவு. எங்கள் தெருவில் சுபேதாராக ஓய்வு பெற்ற ஒருவர் இருக்கிறார். கல்யாண மண்டபத்தில் அவரைக் கவனித்திருக்கிறேன். உட்காருமுன் இடது கையைப் பின்னால் நீட்டி நாற்காலியின் விளிம்பைப் பிடித்துப் பார்ப்பார். பிடித்துக்கொண்டே, ஒருபக்கமாகச் சாய்ந்துதான் உட்காருவார். மூட்டுவலி போலும் என்று நினைத்திருந்தேன். ஒருமுறை பந்திக்குக் காத்திருந்தபோது அவராகவே சொன்னார்.

இளம் வயதில், வடக்கே ஒரு முகாமில், படாகானா. பட்டாளத்தில் எல்லாரும் ஒன்றாய் உட்கார்ந்து சாப்பிடும் பெரிய விருந்துக்கு அப்படித்தான் பெயர். அதிகாரிகளே ஜவான்களுக்குப் பரிமாறும் நாள். ரம், பாட்டு, ஆட்டம். இவர் தட்டு நிறையச் சோறும் கறியும் எடுத்துக்கொண்டு வந்து உட்காரப்போகிறார். பின்னாலிருந்து கூட்டாளி ஒருவர் நாற்காலியை இழுத்துவிட்டார். இரண்டு கையிலும் தட்டு, ஊன்றிக்கொள்ளக் கையில்லை. சிமென்ட் தரையில் நேராக உட்கார்ந்த வாக்கில் விழுந்தார். கறிக்குழம்பு முகமெல்லாம்.

"எல்லாரும் சிரிச்சாங்க தம்பி. நானும் சிரிச்சேன்."

அதைச் சொல்லும்போதும் சிரித்தார். முதுகெலும்பின் கீழ்ப்பகுதியில் ஓர் எலும்பு நசுங்கியிருந்தது. அன்றிரவு திரும்பிப் படுக்க முடியவில்லை. காலையில் எம்.ஐ. ரூமில், அதாவது முகாமின் மருத்துவ அறையில், டாக்டர் எப்படி அடிபட்டது என்று கேட்டபோது, குளிக்குமிடத்தில் வழுக்கி விழுந்துவிட்டேன் என்றாராம். கூட்டாளியும் பக்கத்திலேயே நின்றிருக்கிறார், தோளில் கைபோட்டுக் கூட்டிவந்தவரே அவர்தான்.

கேட்பதற்கு நட்பின் உச்சம் போல் இருக்கும். ஆனால் பட்டாளத்தில் அடிபட்டால் அது எப்படிப் பட்டது என்பதற்கு ஒரு காகிதம் உண்டு. ஊனத்துக்கான ஓய்வூதியம் வேண்டுமென்றால் அந்த ஊனம் பணியால் வந்தது அல்லது பணியால் கூடியது என்று நிலைநாட்ட வேண்டும். 20 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். காகிதத்தில் என்ன எழுதுகிறார்கள் என்பது ஒருவருடைய முதுமையைத் தீர்மானிக்கும். உண்மையைச் சொன்னால் விசாரணை வரும், கூட்டாளி மாட்டுவான், காட்டிக்கொடுத்தவன் என்ற பெயர் வரும். சொல்லாவிட்டால் வலி தன் பொறுப்பு. இருபத்துச் சொச்சம் வயதில், இடுப்பில் வலியோடு, கட்டிலருகே நண்பன் நிற்க, அவர் இதையெல்லாம் கணக்குப் போட்டுப் பார்த்திருப்பார் என்று நான் நம்பவில்லை. சிரித்தாகிவிட்டது, அதற்குமேல் புகார் எப்படிச் சொல்வது என்றுதான் தோன்றியிருக்கும். எனக்கு அவர் விழுந்ததைவிட அந்தச் சிரிப்புதான் உறுத்துகிறது. விழுந்தவன் சிரிக்காவிட்டால் விளையாட்டு அந்தக் கணமே குற்றமாகிவிடும். ஆகவே அதை விளையாட்டாகவே காப்பாற்றிக் கொடுக்கும் வேலையும் அடிபட்டவன் தலையில்தான் விழுகிறது.

நம் சட்டம் இதைக் கொஞ்சம் யோசித்திருக்கிறது. 1860ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டத்தில் 87ஆம் பிரிவாக இருந்து, இப்போது பாரதிய நியாய சம்ஹிதையில் 25ஆம் பிரிவாகத் தொடர்வது: 18 வயது கடந்தவர்கள் சம்மதித்து விளையாடும்போது, உயிரையோ கொடுங்காயத்தையோ குறிவைக்காத செயலால் காயம் பட்டால் அது குற்றமாகாது. பொழுதுபோக்குக்காக வாள் வீசி விளையாடச் சம்மதிக்கும் இருவரை உதாரணம் காட்டுகிறது. அழகான உதாரணம். இருவர் கையிலும் வாள் இருக்கிறது, இருவரும் எதிரெதிரே நிற்கிறார்கள், அடி எந்தப் பக்கமிருந்து வரும் என்பது இருவருக்கும் தெரியும். அச்சத்தால் தரப்படும் சம்மதம் சம்மதமே ஆகாது என்று வேறொரு பிரிவு சொல்கிறது. நாற்காலியை இழுப்பவன் முன்னால் வந்து கேட்டுவிட்டு இழுப்பதில்லை. குவளையை நீட்டுபவன் கேட்கத்தான் செய்கிறான், ஆனால் கேட்கப்படுபவனை மறுப்பு சொல்லாதே என்று அல்லவா மாதக்கணக்கில் பழக்கியிருக்கிறார்கள்? 'திரும்பு' என்றால் திரும்பு, 'ஓடு' என்றால் ஓடு. அவனிடம் சனிக்கிழமை இரவு மட்டும் திடீரென்று, உனக்கு விருப்பமிருந்தால் குடி என்றால், அந்த விருப்பத்தை அவன் எங்கே போய்த் தேடுவான்?

பையன் என்பதால் மறுக்க முடியவில்லை, பதவி உயர்ந்தால் முடியும் என்று சொல்லலாம். 1908 நவம்பர் 14 அன்று தெற்கு ஜெர்மனியில் டோனாவெஷிங்கன் மாளிகையில் நடந்தது அந்த நம்பிக்கையைக் கெடுத்துவிடுகிறது. விருந்தாளி பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம். இரவு விருந்துக்குப் பின் அவரைச் சிரிக்க வைக்க பாலே நடனக்காரியின் உடையில் ஆடியவர் டிட்ரிச் ஃபான் ஹ்யூல்சன் ஹேசலர். பிரஷ்ய ராணுவ அதிகாரிகளின் நியமனங்களும் பதவி உயர்வுகளும் கடந்துபோக வேண்டிய அலுவலகத்தின் தலைவர். 56 வயது. ஆடி முடித்தவர் சரிந்து விழுந்து மாரடைப்பில் இறந்துபோனார். பாவாடையைக் கழற்றிச் சீருடை மாட்டுவதற்குள் உடல் விறைக்கத் தொடங்கிவிட்டது என்பார்கள். அவர் அதற்கு முன்பும் ஆடியவர்தான், ஒருவேளை ஆட்டம் அவருக்கே பிடித்திருக்கும். ஆனால் பேரரசர் சிரிக்கக் காத்திருக்கும் ஓர் அறையில், ஆடுபவருக்குப் பிடித்திருக்கிறதா என்பது அவருக்கே தெரியுமா? கப்பல் பயணங்களில் வயதான தளபதிகளை மேல்தளத்தில் உடற்பயிற்சி செய்ய வைத்து, குனியும்போது பின்னாலிருந்து தள்ளிவிட்டு மகிழ்ந்த பேரரசர் அவர்.

குறும்பு மேலிருந்து கீழேதான் பாயும் என்பதற்கு மறுமுனைச் சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்தின் டிட்வொர்த்தில் ஒரு பாசறைக்கு லக்னோ என்று பெயர். 2006இல் அங்கிருந்த 22 வயதுச் சிப்பாய் ஒருவர் குடிபோதையில், அதிகாரிகளின் மெஸ்ஸில் நடந்த விருந்தில் தீயணைப்புக் கருவியைத் திறந்து விருந்தாளிகள்மேல் பீய்ச்சிவிட்டார். இளம் அதிகாரி ஒருவர் இதையே செய்திருந்தால் பல வருடம் சொல்லிச் சிரிக்கும் கதையாகியிருக்கும் என்பது என் ஊகம். சிப்பாய்க்குக் கிடைத்தது ஜூலை வெயிலில் மூச்சு முட்ட உடற்பயிற்சித் தண்டனை. உடல் வெப்பம் 41 டிகிரி செல்சியஸைத் தாண்டி, மருத்துவமனையில் இறந்துபோனார். ரத்தத்தில் போதைப்பொருளும் இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். இந்தச் சாவுக்காகக் குற்றம்சாட்டப்பட்ட மூவரையும் 2008இல் நீதிமன்றம் விடுவித்தது. இப்படித்தான் தண்டிப்பது வழக்கம் என்பது வழக்கின்போது பேசப்பட்டது. மறுபடியும் வழக்கம்.

இந்தியாவின் 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டம் 47ஆம் பிரிவில், தனக்குக் கீழுள்ளவரைக் கொடுமைப்படுத்துகிறவருக்கு ஏழாண்டு வரை சிறை என்கிறது. பிரிவு இருப்பது நல்லதுதான். ஆனால் அதற்கு ஒரு புகார் வேண்டும், புகார் சொல்ல, முகம் சுளிக்கும் ஒருவர் வேண்டும். எல்லாரோடும் சேர்ந்து சிரித்தவரை அந்தப் பிரிவு எப்படிக் கண்டுபிடிக்கும்?

அந்த இரவுகள் இல்லாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமா என்று சுபேதார் ஐயாவிடம் கேட்டேன். அவர் உடனே மறுத்தார். அந்த விருந்துகள் இல்லையென்றால் அந்தக் குளிரில் பைத்தியம் பிடித்திருக்கும் என்றார். நாற்காலியை இழுத்தவர் இன்றும் பொங்கலுக்குப் போன் பண்ணுகிறாராம். அவரைப் பற்றி ஒரு வார்த்தை குறையாகச் சொல்ல என்னை விடவில்லை. நானும் விருந்தே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சாகத் தயாராக இருக்கும்படி நாம் கேட்டுக்கொண்டவர்களுக்கு ஒருநாள் இரவு கொட்டமடிக்க உரிமை இல்லையென்றால் வேறு யாருக்கு இருக்கிறது?

எழுந்திருக்கும் நேரத்தில் இன்னொன்றும் கேட்டுவைத்தேன். அதிகாரிகளும் கூடவே உட்கார்ந்து சாப்பிட்ட நாள்தானே ஐயா, யாராவது ஒருமுறையாவது மேஜர் நாற்காலியை இழுத்தார்களா?

நான் கிறுக்கனா என்பதுபோலப் பார்த்தார். "மேஜர் சாப் நாற்காலியையா?" என்றார். பிறகு, பந்தி காலியாகிவிட்டது, வா என்று இலையை நோக்கி நடந்துவிட்டார்.