என் காசு, என் கார்

ரஞ்சன்குடிக் கோட்டைக்கு அருகே ஓர் இளைஞர் தம் ஸ்போர்ட்ஸ் காரை எனக்குப் பெருமையோடு காட்டினார். அகலமான கனத்த சக்கரங்கள், வெட்டித் தாழ்த்திய ஸ்பிரிங், பின்னால் ஓர் இறக்கை. "என் காசு, என் கார், என் விருப்பப்படி மாற்ற எனக்கு உரிமை இல்லையா, சார்?" என்றார்.

சட்டத்தின் விடை தெளிவானது. தயாரித்தவர் வகுத்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாதென்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் சட்டத்துக்கு அஞ்சி அடங்குவது மட்டும் அறமாகிவிடாது. அறம் என்ன சொல்கிறது?

சக்கரம் கனத்தால் மேடுபள்ளத்தில் அது துள்ளும். ஸ்பிரிங் குறுகினால் குலுக்கத்தை வாங்கிக்கொள்ள இடமிராது. துள்ளும் டயர் தரையைப் பற்றாது. தரையைப் பற்றாத டயரைப் பிரேக் என்ன செய்ய முடியும்?

இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்தில் இதே கார் ஓடினால் எனக்கு மறுப்பில்லை. அங்கே இறங்குகிறவர்கள் ஆபத்தை அறிந்தே இறங்குகிறார்கள். திருச்சி–சென்னை நெடுஞ்சாலையைச் சைக்கிளில் கடக்கும் பால்காரர் எந்த ஆபத்துக்கும் சம்மதம் தரவில்லையே! கார் ஒருவருடையது, சாலை எல்லோருடையது.

அப்படியானால் அழகு வேண்டாமா? வேண்டும். ரஞ்சன்குடிக் கோட்டையின் அகழியும் வளைந்த கொத்தளங்களும் பகையைத் தடுக்கப் பிறந்தவை. கண்ணுக்காகக் கட்டப்படாத அவைதாம் இன்று கண்ணைக் கவர்கின்றன. பயனிலிருந்து மலர்வது அழகு. பயனைக் கெடுத்து ஒட்டவைப்பது வெறும் ஒப்பனை.

நல்ல டயரும் தேயாத பிரேக்கும் யார் கண்ணிலும் படுவதில்லை. அவற்றுக்குச் செலவிடுகிறவரே தம் காரை உண்மையில் நேசிக்கிறவர். முகமறியாத மனிதரையும் நேசிக்கிறவர்.