பிறை பார்த்துத் தொடங்கும் ஒருசந்தி



2025-ம் ஆண்டில் மார்ச் 2-ந் தேதி நம் நாட்டு முஸ்லீம் சகோதரர்களுக்கு ரமலான் நோன்பு துவங்கிற்று. மூன்று நாள் சென்று, 5-ந் தேதி, நமக்கு விபூதிப் புதன். இப்படி இரண்டு நோன்பும் கிட்டி வரும்போதெல்லாம் நம்மவரில் சிலர், "பகலெல்லாம் பட்டினி, இராத்திரி விருந்து, இதுவும் ஒரு நோன்பா?" என்று பரிகாசம் பண்ணுவதுண்டு. அந்த நோன்பு இன்னதென்று அறிந்தா பேசுகிறார்கள்?

கேளுங்கள். கிழக்கு வெளுக்குமுன் 'சஹர்' உணவை முடித்து, நோன்பு நோற்பதாக மனதில் தீர்மானம் செய்கிறார்கள். இதற்கு 'நிய்யத்' என்று பெயர். இந்தக் கருத்தில்லாமல் கிடக்கும் பட்டினி நோன்பாகாது. பின்பு சூரியன் அஸ்தமிக்குமட்டும் சோறு மாத்திரமல்ல, ஒரு மிடறு தண்ணீரும் கிடையாது, பீடி சுருட்டு கிடையாது, தம்பதிகள் கூடுவதுமில்லை. அவர்கள் மாதம் பிறைக் கணக்கானபடியால், ரமலான் வருஷந்தோறும் ஏறக்குறைய 11 நாள் முந்தி வந்து, சுமார் 33 வருஷத்தில் எல்லாப் பருவங்களையும் சுற்றிவிடும். ஆகையால் மூட்டை தூக்குகிறவன் சித்திரை வெயிலிலும் நாவறண்டு நோன்பிருக்க நேரிடும். நமது ஒருசந்தியில் தண்ணீருக்குத் தடையில்லை என்பதைப் பரிகாசக்காரர் நினைத்துக்கொள்ளட்டும்!

ஆனாலும் இது மனுஷனை வதைக்கும் சட்டமல்ல. நோயாளியும் பிரயாணியும் வேறு நாட்களில் நோற்கலாம். தள்ளாத கிழவரும் தீராத வியாதியஸ்தரும் நாளொன்றுக்கு ஓர் ஏழைக்கு அன்னமிட்டால் போதும். தமிழ்நாட்டு முஸ்லீம்கள் அனுசரிக்கும் ஷாபி, ஹனபி ஆகிய இரு முறைகளின்படியும், மறதியாய்ச் சாப்பிட்டவன் நோன்பு முறியாது. மாத முடிவில், பெருநாள் தொழுகைக்கு முன்பே, ஏழைக்குரிய 'பித்ரா' தர்மத்தைக் கொடுத்துவிடவேண்டும்.

இராத்திரி விருந்தைப்பற்றி ஒரு வார்த்தை. அதை நாம் கண்டிக்கத் தேவையில்லை. 1111-ம் ஆண்டில் மரித்த இமாம் கஸ்ஸாலி என்னும் சாஸ்திரி, பகலில் விட்டதை மாலையில் சேர்த்து உண்பவனுக்கு நோன்பினால் என்ன பிரயோசனமென்று அப்போதே கேட்டுவிட்டார். நோன்பில் மூன்று படிகளுண்டு என்பது அவர் போதனை: வயிற்றையும் இச்சையையும் அடக்குவது எல்லாருக்கும் உரியது, கண், காது, நாவு, கை, கால்களைப் பாவத்தினின்று விலக்குவது அதற்கு மேலானது, இருதயத்தையே கடவுளல்லாத யாவற்றினின்றும் விலக்குவது அதற்கும் மேலானது. இரண்டாம் படியைக் கொண்டு பார்த்தால், புறணி பேசுகிறவன் அரைநோன்பாளிதான். அயலானுடைய நோன்பைப்பற்றிப் புறணி பேசுகிற கிறிஸ்தவனை எந்தப் படியில் நிறுத்துவது?

விசுவாசத்தில் நமக்கும் அவர்களுக்கும் உள்ள பேதம் பெரிது; அதை மறைக்கவேண்டியதில்லை. ஆயினும் 1965-ம் ஆண்டு அக்டோபர் 28-ந் தேதி வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட அறிக்கை, ஜெபத்தாலும் தர்மத்தாலும் உபவாசத்தாலும் அவர்கள் கடவுளை வணங்குவதை மதிப்போடு எடுத்துச் சொல்லுகிறது. மறுவருஷமே பாப்பானவர் ஆறாம் சின்னப்பர் நமது கடன் ஒருசந்திகளை விபூதிப் புதன், பெரிய வெள்ளி என்னும் இரண்டு நாட்களாகக் குறைத்தார். மற்ற நாட்களை நாமே மனதாரத் தபசுக்கு ஒதுக்குவோமென்று நம்பியே குறைத்தார். ஒதுக்கினோமா?

அண்டை வீட்டார் அனுப்பும் நோன்புக் கஞ்சியை வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். தாராளமாய் வாங்குங்கள். தபசுகால வெள்ளிக்கிழமையில் கறி போட்ட கஞ்சி வந்தால் மாத்திரம், இன்று எங்களுக்குச் சுத்தபோசனம் என்று மரியாதையாய்ச் சொல்லுங்கள். அவர்கள் விளங்கிக்கொள்வார்கள்.