காணாத மனிதனின் சித்திரம்

கண்ணாற் காணாத ஒரு மனிதனின் உள்ளத்தை, அவன் செய்த செயலை மாத்திரம் கொண்டு அறிந்துவிட முடியுமா? முடியும் என்ற நம்பிக்கையிலேயே பொலிசார் மனோதத்துவ அறிஞரின் உதவியை நாடுகின்றனர். குற்றம் நிகழ்ந்த இடம், நேரம், காயங்களின் தன்மை, கடிதம் கிடைத்திருப்பின் அதன் நடை ஆகியவற்றை அறிஞர் ஆராய்கிறார். முன்னர் பிடிபட்ட குற்றவாளிகளின் வரலாறுகளோடு ஒப்பிடுகிறார். தேடப்படுபவனின் வயது, தொழில், பழக்கவழக்கம் முதலியன இவ்வாறு இருக்கலாம் என ஒரு சித்திரம் தீட்டுகிறார். ‘இருக்கலாம்’ என்ற அச்சொல்லை நாம் மறக்கலாகாது.

நியூயோர்க் நகரில் 1940 முதல் இடைவிட்டு வெடிகுண்டுகள் வைத்துவந்த ஒருவனைப் பற்றி, 1956 இல் ஜேம்ஸ் பிரசல் என்னும் உளநோய் மருத்துவர் தீட்டிய சித்திரம் இக்கலையின் பெருமைக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. ஆனால் ஆளை இனங்காட்டியது, மின்சாரக் கம்பனியின் பழைய கோவைகளிடையே பெண் எழுதுவினைஞர் ஒருவர் கண்டெடுத்த கடிதமே. வேலைத்தலத்திற் காயமுற்று, நட்டஈடு மறுக்கப்பட்ட ஒரு தொழிலாளியின் முறைப்பாடு அது.

சித்திரம் பலித்தாற் புகழ் அதற்குச் சேர்கிறது. தவறினாற் பழியைச் சுமப்பவர் யார்?

1992 ஜூலையில், லண்டனின் விம்பிள்டன் பொதுவெளியில், சிறு மகனுடன் உலாவச் சென்ற இளந்தாய் ஒருத்தி கத்தியாற் குத்திக் கொல்லப்பட்டாள். மனோதத்துவ அறிஞர் ஒருவர் கொலையாளியின் சித்திரத்தைத் தீட்டினார். அப்பகுதியில் தனியே வாழ்ந்த, வேலையற்ற ஒருவனுக்கு அது பொருந்துவதாகப் பொலிசார் கருதினர். அவனைக் கொலையோடு பிணைக்கும் தடயம் எதுவும் இருக்கவில்லை. எனவே அறிஞரின் ஆலோசனையுடன், பெண் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் காதல் வேடம் பூண்டு, பல மாதங்களாகக் கடிதம் எழுதியும் உரையாடியும் அவனுடைய வாயைக் கிளறினார். அவன் கொலையை ஒப்புக்கொள்ளவேயில்லை. ஆயினும் ஓராண்டுக்கு மேல் சிறையிற் கிடந்தான். 1994 இல் நீதிபதி அச்சூழ்ச்சியை வன்மையாகக் கண்டித்து, அவ்வழியிற் பெற்ற சாட்சியத்தை ஏற்க மறுத்தார், வழக்கு வீழ்ந்தது.

அவன் சிறையிலிருந்த காலத்தில், 1993 நவம்பரில், உண்மைக் கொலையாளி வேறொரு தாயையும் அவளுடைய சிறு மகளையும் கொன்றான். பின்னாளில் மரபணுச் சோதனையே விம்பிள்டன் கொலையிலும் அவனைக் காட்டிக்கொடுத்தது; 2008 இல் அவன் அதனை மன்றில் ஒப்புக்கொண்டான். அவ்வாண்டு நிரபராதிக்கு 706,000 பவுண் நட்டஈடு வழங்கப்பட்டது. இழந்த வாழ்வை அது மீட்டுத் தருமா?

அறிவியலைப் பழிப்பது எமது நோக்கமன்று. பலரை ஆராய்ந்து பெற்ற அறிவு தேடலுக்குத் திசை காட்டலாம். ஆனால், பலருக்குப் பொருந்துவது ஒருவனுக்கு எதிரான சாட்சியாகிவிடாது. ஒரே சித்திரத்துக்குப் பொருந்துவோர் ஆயிரவர் இருப்பர். அவர்களுள் தனித்தவன், வேலையற்றவன், அயலார் விநோதமாக நோக்குபவன் ஆகியோர் மீதே சந்தேகம் எளிதில் இறங்குகிறது. செல்வமும் செல்வாக்கும் உடையவனுக்கு இத்தகைய பொறியை வைக்க எந்த அதிகாரமும் இலகுவிற் துணியாது.

இவன் என்ன செய்தான் என்ற கேள்விக்கே மன்றில் விடை வேண்டும். இவன் எத்தகையவன் என்ற ஊகம் அவ்விடையின் இடத்தைப் பிடிக்க நாம் இணங்குவோமாயின், நாளை அச்சித்திரம் நம்மில் எவருக்கும் பொருந்தக்கூடும்.