ஆறு நாளுக்குப் பிறகு வந்த செடி

இங்கிலாந்தின் யார்க் நகரில், ரயில் நிலையத்துக் கார் நிறுத்துமிடத்தில், 1979இல் ஒரு களைச்செடி கண்டெடுக்கப்பட்டது. சூரியகாந்திக் குடும்பம்தான். ஆனால் பூ சட்டைப் பொத்தான் அளவுகூட இருக்காது. ரிச்சர்ட் அபாட் என்ற தாவரவியலாளரும் அவருடன் இருந்தவர்களும் ஆராய்ந்து பார்த்ததில், உலகில் வேறெங்கும் இல்லாத புது இனம் அது என்று தெரிந்தது. யார்க் கிரவுண்ட்செல் என்று பெயர் வந்தது.

பெற்றோரில் ஒன்று பிரிட்டனில் தோட்டந்தோறும் முளைக்கும் சாதாரண கிரவுண்ட்செல். மற்றொன்று ஆக்ஸ்ஃபோர்டு ராக்வொர்ட். அதன் பூர்வீகம் சிசிலித் தீவின் எட்னா எரிமலைச் சரிவு. ஆக்ஸ்ஃபோர்டின் தாவரத் தோட்டத்துக்கு வந்து, மதில் தாண்டி ஊருக்குள் பரவிய செடி அது. 19ஆம் நூற்றாண்டில் ரயில் பாதைகளில் கொட்டிய கரிக்கசடு அதற்கு எரிமலைச் சரளையைப் போலவே இருந்திருக்க வேண்டும். தண்டவாளத்தோடு நாடெங்கும் போய்விட்டது. யார்க்கில் இரண்டும் கலந்தன. பிறந்தது தன் மகரந்தத்தைக் கொண்டே காய்த்து, தனி வழி பார்த்துக்கொண்டது.

ஆறு நாளில் எல்லாவற்றையும் அதனதன் வகைப்படி படைத்துவிட்டு ஏழாம் நாள் கடவுள் ஓய்ந்தார் என்கிறது ஆதியாகமம். அப்படியானால் இந்தச் செடி எந்த நாள் கணக்கு?

கேள்வி பழையது. உயிர்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த கார்ல் லின்னேயஸ் ஒரு பாதிரியாரின் மகன். புதிய இனங்கள் தோன்றுவதில்லை என்று 1735இல் திட்டமாக எழுதியவர். அவர் நம்பிக்கையை ஆட்டியவற்றில் ஒன்று, இதே சூரியகாந்திக் குடும்பத்தின் டிராகோபோகன். மஞ்சள் பூச்செடியின் மகரந்தத்தை விடியற்காலையில் தேய்த்து அகற்றினார். எட்டு மணி வாக்கில் ஊதாப் பூச்செடியின் மகரந்தத்தைத் தூவி, அடையாளத்துக்கு நூல் கட்டி வைத்தார். அந்த விதையை விதைத்தபோது 1759இல் பூத்தது ஊதா; அடியில் மட்டும் மஞ்சள். கடவுள் ஆதியில் படைத்தது சில மூல வகைகளை; மற்றவை கலப்பில் கிளைத்திருக்கலாம் என்று பிற்காலத்தில் அவர் இறங்கி வந்தார்.

லின்னேயஸ் இவ்வளவு தவித்திருக்க வேண்டியதில்லை. அவருக்கு ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே புனித அகஸ்டின் ஆதியாகமத்துக்கு எழுதிய விளக்கத்தில் வழி இருந்தது: படைப்பு ஒரே கணத்தில் நிகழ்ந்தது, ஆனால் பல உயிர்கள் வித்து நிலையில் வைக்கப்பட்டு, காலம் வரும்போது வெளிப்படுகின்றன. அகஸ்டின் பரிணாமம் பேசவில்லை என்பது வேறு விஷயம்.

யார்க் செடியின் ஆயுளோ சொற்பம். களைக்கொல்லியும் கட்டுமான வேலையும் சேர்ந்து, 1991க்குப் பிறகு வெளியில் அதைக் காண முடியாமல் செய்தன. முறைப்படி அதை விவரித்த கட்டுரை வந்ததே 2003இல்! சன்னலோரத் தொட்டிகளில் வளர்ந்த சில செடிகளின் விதை மட்டும் கியூ தாவரத் தோட்டத்தின் விதை வங்கியில் இருந்தது. அதை முளைக்கவைத்துப் பெருக்கி, 2023இல் யார்க்கில் மறுபடி விதைத்தார்கள்.

ஒரு களைக்கு இவ்வளவு பாடா என்று கேட்கலாம். அழியும் உயிரைக் காக்கச் சொல்பவர்கள் வழக்கமாகச் சுட்டுவது அதன் தொன்மையை: லட்சக்கணக்கான ஆண்டு உழைப்பு வீணாகிறதே என்று. இந்தச் செடிக்கு அந்த வாதம் செல்லாது. அதன் வயது ஒரு மனித ஆயுளுக்குள் அடங்கும். அதனாலேயே இது நல்ல சோதனை. வந்த நாளை வைத்து வாழும் உரிமையை அளப்பது, முன்னால் வந்தவன் வரிசைக்குச் சொந்தம் கொண்டாடுவதுதான்.

சிக்கல் அதோடு தீரவில்லை. இதே பெற்றோருக்கு வெல்ஷ் கிரவுண்ட்செல் என்று இன்னொரு பிள்ளையும் உண்டு. அது வேல்ஸில் ஒரு முறையும், ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் தனியாக இன்னொரு முறையும் தோன்றியது. எடின்பரோ கிளை 1990களில் பூண்டற்றுப் போயிற்று. வேல்ஸில் அதே பெயரில் செடி இருப்பதால், அழிந்த இனங்களின் கணக்கில் அது வரவே இல்லை.