நடுவில் நிற்பவர் யார்?

"எந்த மாசத்தக் கேக்குறிய?" என்று அம்மா திருப்பிக் கேட்டாள். 2011 சமூகப் பொருளாதார சாதிவாரிக் கணக்கெடுப்பு எங்கள் தெருவுக்கு வந்த நாள் அது. திருமயத்துக்குப் பக்கத்தில், கண்மாய்த் தண்ணீரை நம்பிக் கிடக்கிற சேரி. கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நான் வீடுகளைக் காட்டக் கூடப் போயிருந்தேன்.

வீட்டில் அதிகமாகச் சம்பாதிப்பவருக்கு மாத வருமானம் ஐயாயிரத்துக்குக் கீழா, ஐயாயிரத்திலிருந்து பத்தாயிரமா, அதற்கு மேலா? மூன்றே கட்டம்.

"நடவு மாசம்னா கொஞ்சம் வரும். கண்மா வத்திப்போனா சித்தாள் வேலைக்கு ஓடணும். கேதம் விழுந்தா இவங்கப்பாவுக்குப் பறைக்கு ஏதாச்சும் குடுப்பாக. இதுல எதச் சொல்ல?"

வந்தவர் சிரித்துக்கொண்டே முதல் கட்டத்தில் போட்டுக்கொண்டார். 2015இல் முடிவு வந்தபோது நாட்டின் கிராமப்புறக் குடும்பங்களில் ஏறத்தாழ 75 விழுக்காடு அந்த முதல் கட்டத்தில்தான் கிடந்தன. சாதிப்பெயர் வாரியான எண்ணிக்கை மட்டும் வெளியே வரவில்லை.

பத்தாண்டுக்கு ஒருமுறை எடுக்கும் மக்கள்தொகைக் கணக்கில் வருமானம் கேட்பதே கிடையாது. தேசிய மாதிரி ஆய்வு 1950களிலும் 60களிலும் கேட்டுப் பார்த்தது. சனங்கள் சொன்ன வருமானம், அவர்களுடைய செலவையும் சேமிப்பையும் கூட்டினால் வருவதைவிடக் குறைவாக இருந்தது. சரிப்படாது என்று விட்டுவிட்டு, செலவை அளந்தே வறுமைக்கோடு போட்டார்கள். குடும்ப வருமானத்துக்கென்றே ஒரு நாடு தழுவிய ஆய்வு 2026 பிப்ரவரியில் தொடங்கும் என்று 2025இல்தான் அறிவிப்பு வந்தது.

அப்படியானால் சனங்கள் பொய் சொல்கிறார்களா? வருமானச் சான்றுக்கு நான் போய் நின்ற ஒரு அலுவலகத்தில், என்னை ஒரு வார்த்தை கேட்காமலே 72,000 என்று எழுதினார்கள். முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுக்கு அன்றைக்கு இருந்த உச்சவரம்பு அது. பொய்யென்றால் யாருடைய பொய்? நம் பிள்ளைகளின் கல்வி உதவித்தொகைக்கு ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்தைத் தாண்டக்கூடாது. 2019இல் வந்த பத்து விழுக்காட்டு இடஒதுக்கீட்டிலோ எட்டு லட்சத்துக்குக் கீழ் இருந்தால் ஏழை. மாதம் 66,000 வாங்குகிறவரும் அங்கே ஏழைதான். உண்மை சொல்வது அறம் என்கிறார்கள். கேட்கிறவருக்கும் ஒரு அறம் வேண்டாமா?

அடுத்தது, கேட்டு வாங்கிய எண்ணை என்ன செய்கிறார்கள் என்பது. மாவட்டத்தின் தனிநபர் வருமானம் என்று ஒன்று போடுகிறார்கள். மொத்தத்தை ஆள்கணக்கில் வகுப்பது. தாளில் மட்டும் நடக்கிற பங்கீடு! ஐந்து வீட்டின் மாத வருமானம் 3,000, 5,000, 8,000, 12,000, 1,00,000 என்று வைத்துக்கொள்வோம். சராசரி 25,600. நான்கு வீடு அதைக் கண்ணால் கண்டதில்லை. அதனால் விவரம் தெரிந்தவர்கள் இடைநிலை அளவைப் பார்க்கச் சொல்கிறார்கள். எல்லோரையும் ஏழையிலிருந்து வரிசையாக நிறுத்தி, நட்டநடுவில் நிற்கிற வீட்டைக் கேட்பது. இங்கே 8,000. இது நியாயமான அளவுதான். ஊரும் சேரியும் ஒரே வரிசையில் நிற்பதே பெரிய காரியம். கோயிலில் அப்படி நிற்க விட்டார்களா?

ஆனால் தோழர்களே, முதல் இரண்டு வீட்டுக்கும் அடுத்த ஆண்டு வேலையே இல்லை, வருமானம் சுழி என்று வையுங்கள். இடைநிலை அப்போதும் அதே 8,000. நடுவில் நிற்பவர் அசையாதவரை, கடைசியில் நிற்பவர் விழுந்தது தெரியாது. மாவட்டம் நிலையாக இருக்கிறது என்று எழுதிக்கொள்ளலாம். அந்தக் கடைசியில் நின்று பழகியவர்கள் யாரென்று நமக்குத் தெரியும்.

காலத்தை ஒப்பிடும்போது இன்னும் சிக்கல். என் தாத்தாவுக்குக் கூலி, களத்தில் அளந்துபோட்ட நெல். அதை இன்றைய விலையில் பெருக்கி ரூபாயாக்கிவிடலாம். கூப்பிட்ட நேரத்துக்கு ஓடவேண்டும், மாட்டேன் என்று சொல்ல முடியாது என்பதை எதால் பெருக்குவது? மகர்களுக்கு அரசு வேலைக்குச் சரியான சம்பளம் தராமல், ஊரார் போடும் தானியத்தை நம்ப வைத்திருந்த வதன் முறையை எதிர்த்து 1928இல் அம்பேத்கர் பம்பாய் சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்தார். கூலியின் அளவோடு, அதை யார் கையிலிருந்து வாங்குகிறோம் என்பதும் அவருக்கு முக்கியமாக இருந்தது.

சில வருசத்துக்கு முன் அப்பா பறையைக் கீழே வைத்தார். கேதத்துக்கு இனி வரமாட்டேன் என்றார். அந்த வருசம் எங்கள் வருமானம் குறைந்தது. எந்தப் புள்ளிவிவரக்காரரும் அதை இறக்கம் என்றே குறிப்பார். எங்கள் வீட்டில் யாரும் அப்படி நினைக்கவில்லை.

அதற்காகக் கணக்கே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கணக்கில்லாதவர்களுக்கு வழக்கும் இல்லை. நடுவில் நிற்பவரைக் கேட்கிற அதே நேரத்தில், கீழே நிற்கிற கால்வாசிப் பேரையும் கேளுங்கள். தெருவாரியாக, சாதிவாரியாக, பெண்ணின் கூலியைத் தனியாகக் கேளுங்கள். 2027 மக்கள்தொகைக் கணக்கில் சாதி கேட்கப்போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கேட்டதை இந்த முறையாவது வெளியிடட்டும்.

அதுவரை நாமும் சும்மா இருக்க வேண்டியதில்லை. எங்கள் தெருவில் பள்ளிப் பிள்ளைகளிடம் ஆளுக்கொரு நோட்டு கொடுத்திருக்கிறோம். வந்த காசு, வாங்கிய கடன், வேலை இல்லாத நாள் என்று மாதாமாதம் எழுதுகிறார்கள். நாலாவதாக ஒரு பத்தி போடச் சொன்னது அம்மாதான்: வேண்டாமென்று சொன்ன வேலை.