தெரிந்தும் அழுவது

திருக்குறளின் 34ஆவது அதிகாரமான நிலையாமையை 28 ஆண்டுகள் வகுப்பில் நடத்தியவன் நான். அதிலிருந்து தேர்வுக்குக் கேள்வியும் எடுத்திருக்கிறேன். போன ஐப்பசியில் அம்மா போய்ச் சேர்ந்தாள். பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்த மாமா, "ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவன் நீயே இப்படி இடிஞ்சு உட்கார்ந்தா எப்படிடா?" என்றார். வாயடைத்துப்போனேன்.

தெரிந்தவன் அழலாமா?

இந்தக் கேள்வியோடு நான் போய் நின்றது ஹைக்கூ கவிஞர் கொபயாஷி இஸ்ஸாவிடம். 1763இல் ஜப்பானின் மலைநாட்டுக் கிராமமான கஷிவபாராவில் பிறந்தவர்; சிறுவயதிலேயே தாயை இழந்தவர். ஐம்பதைக் கடந்து மணமுடித்து, ஆசையாய்ப் பெற்ற மகள் சாத்தோவை 1819இல் பெரியம்மை கொண்டுபோயிற்று. அப்போது அவர் எழுதியது பனித்துளியைப் பற்றி. உலகம் பனித்துளி என்பது பௌத்தத்தின் பழைய உவமை. அதை இஸ்ஸா மறுக்கவில்லை, ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்ட பிறகும் மனம் அடங்காமல், பாதியில் நிற்பதுபோல் கவிதையை நிறுத்திவிடுகிறார்.

இதை ஞானக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இஸ்ஸா பின்பற்றியது சின்ரான் வகுத்த பௌத்த நெறி. பாசத்தைத் தன் முயற்சியால் அறுத்தெறிய மனிதனால் ஆகாது, அமிதா புத்தரின் அருளே கரைசேர்க்கும் என்பது அதன் சாரம். நம் தென்கலையார் சொல்லும் பூனைக்குட்டி நினைவுக்கு வருகிறது. தாய் கவ்விக்கொண்டு போகும்போது குட்டி கத்தினால்தான் என்ன? தாய் வாயைத் திறந்துவிடுமா?

ஹைக்கூவின் அமைப்பும் இதற்குத் தோதானது. மரபான ஹைக்கூவில் ஒரு பருவச்சொல் இருக்க வேண்டும். பனித்துளி அங்கே இலையுதிர்காலத்துச் சொல். பருவம் வந்துவிட்டாலே அது கடந்துபோகும் என்பதும் கூடவே வந்துவிடுகிறது. தனியாக உபதேசம் தேவையில்லை. 17 அசைகளில் அதற்கு இடமும் இல்லை. மிஞ்சிய இடத்தில் துக்கம் உட்கார்ந்துகொள்கிறது.

மாமாவிடம் இவ்வளவையும் சொல்ல முடியாது. சொன்னால், "இதுக்கு ஜப்பான் வரைக்கும் போகணுமா?" என்பார். மழைக்காலத்தில் அம்மாவின் சேலையைக் கொடியிலிருந்து எடுப்பது என் வேலை. நேற்றும் வானம் இருண்டது. உள்ளே வந்து, ஒரு பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்:

தூறல் விழுகிறது
எடுக்க ஓடினேன்
வெறுங்கொடி